மூன்று நிறம், ஒரே சுவை

புதிய கேம் ஒன்று வெளிவருகிறது என்றால், விளம்பரத்தில் முதலில் வருபவை எண்கள்தான். நூறு மணி நேரக் கதை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரைபடம், எத்தனையோ முடிவுகள். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் விளையாடக் கிடைத்தாலே பெரிது என்றிருக்கும் எனக்கு, அந்த நூறு மணி நேரம் மிரட்டலாகத்தான் தெரிகிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் எடுத்த முடிவால் அந்தக் கதையில் யாருக்காவது ஏதாவது ஆனதா?

ரோல் பிளேயிங் கேம் எனப்படும் வகையில் நாம் ஒரு பாத்திரமாகவே மாறிப் பேசுகிறோம், சண்டையிடுகிறோம். திரையில் இரண்டு மூன்று பதில்கள் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல கேம்களில் இது வெறும் கண்கட்டு வித்தை. எதை அழுத்தினாலும் எதிரே நிற்பவர் அதே வசனத்தைத்தான் பேசுவார்.

2012 மார்ச்சில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ பெரிய சண்டையையே கிளப்பியது. 2007-இல் வந்த முதல் பாகத்திலிருந்து, யாரைக் காப்பாற்றினோம், யாரைப் பலிகொடுத்தோம் என்று சேர்த்துக்கொண்டே வந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தவை மூன்று முடிவுகள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியின் நிறம்தான் மாறியது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பயோவேர் நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கான கப் கேக்குகளை அனுப்பிவைத்தார்கள். மேலே மூன்று நிறக் கிரீம், உள்ளே எல்லாமே வெனிலா! இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த ஜூனிலேயே முடிவை விரித்துச் சொல்லும் கூடுதல் பகுதி இலவசமாக வெளிவந்தது. இத்தனைக்கும், அந்தத் தொடரின் நடுவே மனத்தை உலுக்கும் கட்டங்கள் பல உண்டு.

என்னை அசைத்தது 2015-இல் போலந்திலிருந்து வந்த ‘தி விட்சர் 3’. அதில் பாரன் என்று ஒரு படைத்தலைவன். குடிகாரன். காணாமல் போன மனைவியையும் மகளையும் தேடித் தரும்படி கதாநாயகன் கெரால்ட்டிடம் கேட்கிறான். தேடத் தேடத்தான் தெரிகிறது, அவர்கள் அவன் அடி தாங்காமல் ஓடியவர்கள். கர்ப்பமாயிருந்த மனைவிக்குக் கரு கலைந்திருக்கிறது. பெயர்கூட வைக்காமல் புதைக்கப்பட்ட அந்தச் சிசு இப்போது பேயாக அலைகிறது. அதை வெட்டிப்போடலாம். அல்லது பாரனே அதைக் கையில் ஏந்தி வந்து, பெயர் சூட்டி, வீட்டு வாசற்படியில் புதைக்கச் செய்யலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முரடன் குழந்தையை ஏந்திக்கொண்டு இருட்டில் நடக்கும் சில நிமிடங்களில் எனக்குக் கை வேர்த்துவிட்டது. குடியால் சிதைந்த ஒரு குடும்பத்தையாவது அக்கம்பக்கத்தில் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு அல்லவா?

அதே பகுதியில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி வருகிறது. விடுவித்தால் சதுப்பு நிலத்து அனாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. விடுவித்தேன். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால், அவர்களைத் தப்பவிட்டவள் என்று சூனியக்காரிகளின் கோபம் பாரனின் மனைவிமேல் திரும்பியது. அவள் இறந்தாள், பாரன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஆவியைக் கொன்றிருந்தால், சித்தம் கலங்கிய நிலையிலாவது அவள் பிழைத்திருப்பாள், பிள்ளைகள்தான் போயிருப்பார்கள். இவற்றையெல்லாம் முன்கூட்டிச் சொல்லும் எந்த அறிவிப்பும் திரையில் வராது. மறுபடி விளையாடினாலும் பிள்ளைகளைத்தான் காப்பாற்றுவேன். ஆனால் ‘நல்லவன்’ என்று எனக்கு மதிப்பெண் போடாமல் விட்டதற்காகவே அந்தக் கேமை மதிக்கிறேன்.

2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் உருவாக்கியது. அதற்குக் கோலாலம்பூரிலும் ஒரு கிளை உண்டு என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான். 17,000 விதமான முடிவுகள் என்றார்கள். அந்த எண் எனக்கு நினைவில் நின்றதோடு சரி. மனத்தில் தங்கியது வேறு: அடைக்கலம் தேடி வந்த அகதிகளைத் தாக்கும் பக்கம் நாம் சேர்ந்தால், வில், கார்லாக் என்ற இரண்டு தோழர்களையும் இழந்துவிடுவோம். எத்தனை மணி நேரம் கூடவே நடந்தவர்கள்! (இந்த இரண்டு கேம்களும் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடலாம்.)

பதின்மூன்று வயதாகும் என் அக்கா மகனுக்கு நான் கொடுத்தது ‘அண்டர்டேல்’. டோபி ஃபாக்ஸ் உருவாக்கி 2015-இல் வந்தது. பழைய காலத்துப் புள்ளிப் படங்கள்தான். பார்த்ததும் முகம் சுளித்தான். யாரையும் கொல்லாமலே இதை முடிக்கலாம். தொடக்கத்தில் டோரியல் என்ற தாய் போன்ற ஒருத்தி நமக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, வெளியே போகாதே என்று வழிமறிக்கிறாள். அவன் அவளைக் கொன்றுவிட்டான். மனம் கேட்காமல், பழைய சேவ்வுக்குத் திரும்பி, இம்முறை அவளை உயிரோடு விட்டுவிட்டுக் கடந்தான். அடுத்த அறையில் ஒரு பூ காத்திருந்தது. முதலில் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்றது.

“மாமா, நான்தான் மாத்திட்டேனே... இதுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.