'எதிர்ப்பு ரகம்' என்றார்களே, குலைநோய் ஏன் வந்தது?

பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: "குலைநோயைத் தாங்கும் என்று சொன்னதால்தான் இந்த ரகத்தை வாங்கினேன். மூன்று வருடம் நன்றாக வந்தது. இந்தச் சம்பாவில் கதிர்க் கழுத்து கறுத்து, பாதி பதராகிவிட்டது. விதையில் கலப்படமா?"

வயலில் உயரமும் பூக்கும் நாளும் ஒரே சீராக இருந்தால் கலப்படத்துக்கு வாய்ப்பு குறைவு. மாறியது பெரும்பாலும் பூஞ்சாணமாக இருக்கும்.

எதிர்ப்புத் திறன் தரும் மரபணுவை ஊர்க் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்த திருடனை வரப்பிலேயே மடக்கிவிடுவார். நோய் தொட்ட இடத்துச் செல்கள் உடனே மடிந்து, பூஞ்சாணம் மேலே பரவாமல் தடுக்கின்றன. ஆனால் பூஞ்சாணத்தில் பல இனங்கள் உண்டு. முகம் மாறிய இனம் வந்தால் காவல்காரருக்கு அடையாளம் தெரியாது. ஊர் முழுக்க ஒரே ரகம் இருந்தால் அந்த இனத்துக்குத் தடையே இல்லை.

இந்தப் போராட்டம் நமக்குப் பழையது. 1919இல் தஞ்சை டெல்டாவில் குலைநோய் பெரும் சேதம் செய்தது. பிறகு நோய் தாங்கும் கோ 4 ரகத்தை ஏடிடி 10 உடன் ஒட்டுச்சேர்த்து, கோ 25 உருவாக்கப்பட்டது. நோய்க்கு எளிதில் ஆளாகும் நம் கோ 39 ரகமும் வேறு வகையில் உதவியது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதில் எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியே புகுத்தினார்கள். அந்த வரிசைகளை ஒரு வயலில் நட்டு, எது தப்பிக்கிறது என்று பார்த்தால், அந்த ஊரில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று தெரியும்.

ஆகவே, எதிர்ப்பு ரகத்தைக் கைவிட வேண்டாம். அதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம்.

• நிலம் முழுவதும் ஒரே ரகம் போடாமல் இரண்டு ரகமாகப் பிரியுங்கள்.

• நோய் வந்த வயலில் விதைநெல் எடுக்காதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதையுங்கள்.

• யூரியாவை இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள். கரும்பச்சைப் பயிரில் நோய் வேகமாகப் பரவும்.

• கார்த்திகை, மார்கழியில் பனி இறங்கி, இரவு வெப்பம் 20 டிகிரியை நெருங்கினால், எந்த ரகமானாலும் தினமும் வயலில் இறங்கிப் பாருங்கள்.

இலையில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் கதிர் வரும்வரை காத்திருக்காதீர்கள். கழுத்து கறுத்த பிறகு மருந்தடித்துப் போன மணியை மீட்க முடியாது. அந்த இலையைக் காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் எழுதி, அன்றே உங்கள் உழவர் உதவியகத்துக்குக் கொண்டுவாருங்கள்.