ரசிகரின் கல்லாவில் காசு விழலாமா?

டோரேமான் கதைக்கு முடிவு கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் வாயைப் பிளந்து பார்க்கிறார்களே, அதே நீலப் பூனைதான். 1970இல் தொடங்கிய அந்த ஜப்பானியக் காமிக்ஸை வரைந்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, தொடரை முடித்துவைக்காமலே 1996இல் காலமானார்.

ஆசிரியர் முடிக்காத கதையை ஊர் முடித்துவிடும். ஜப்பானில் அப்படி ஒரு முடிவு வாய்வழியாகவும் இணையத்திலும் சுற்றிக்கொண்டிருந்தது. டோரேமானின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. புது பேட்டரி போட்டால் பழைய ஞாபகமெல்லாம் அழிந்துபோகும். ஞாபகத்தின் நகல் இருந்தது காதுகளில்; டோரேமானுக்குத்தான் காதுகளே இல்லையே! மக்குப் பையன் நொபிடா அன்றிலிருந்து விழுந்து விழுந்து படிக்கிறான். ரோபோ பொறியாளனாகி, வருஷங்கள் கழித்து நண்பனைக் கண் விழிக்க வைக்கிறான்.

2005இல் ரசிக ஓவியர் ஒருவர் இதைச் சின்னப் புத்தகமாக வரைந்து அச்சடித்து விற்றார். படித்தவர்கள் அழுதார்கள், நண்பர்களிடம் சொன்னார்கள், பிரதிகள் பறந்தன. சில நூறு போனாலே பெரிய விஷயம் என்கிற அந்த உலகில் இது சுமார் 13,000 பிரதிகள் போனது. டோரேமானின் பதிப்பாளரான ஷோககுகானுக்கு விஷயம் எட்டியது. கோடும் அட்டையும் அச்சு அசலாக ஃபுஜியோவின் கைபோலவே இருந்ததால், நிஜமான கடைசி அத்தியாயம் இதுதான் என்று பலர் நம்பிவிட்டார்கள். 2007இல் அந்த ஓவியர் மன்னிப்புக் கேட்டார், வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார், இனி விற்க மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தார்.

இதில் எது குற்றம்? இன்னொருவரின் பாத்திரத்தை வரைந்ததா, காசு வாங்கியதா, 13,000 பேரிடம் வாங்கியதா? ரசிகர்கள் தங்கள் படைப்புக்குப் பணம் வாங்கலாமா என்ற சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. அதற்கு ஜப்பான் கண்டுபிடித்திருக்கும் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் குழப்பமான பதில்தான்; ஆனால் நடைமுறையில் ஓடுகிறது.

தோக்கியோவில் வருஷத்துக்கு இரண்டு முறை, கோடையிலும் டிசம்பர் கடைசியிலும், காமிகெட் என்ற சந்தை கூடுகிறது. 1975 டிசம்பர் 21 அன்று முதல் சந்தையில் 32 குழுக்கள், வந்தவர்கள் சுமார் எழுநூறு பேர். 2019 கோடையில் நான்கு நாளில் வந்தவர்கள் சுமார் 7,30,000. இங்கே விற்பவை டோஜின்ஷி, அதாவது ரசிகர்களும் அமெச்சூர்களும் சொந்தச் செலவில் அச்சடிக்கும் புத்தகங்கள். அவற்றில் ஏராளமானவை பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து வரைந்தவை.

ஒரு குழுவுக்குக் கிடைக்கும் இடம் நீள மேசையில் பாதி. அதன்மேல் துணி விரித்து, புத்தகங்களை அடுக்கி, விலைச்சீட்டை நிறுத்தி வைப்பார்கள். சில்லறைக்கு ஒரு டப்பா. விலை பெரும்பாலும் 500, 1,000 யென் என்று முழு எண்ணாகத்தான் இருக்கும். மீதிச் சில்லறை தேடினால் பின்னால் நிற்கும் வரிசை நகராது. வருகிறவர்களும் 500 யென் நாணயங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். புத்தகத்தின் ஒரு பிரதி அன்று காலையிலேயே அமைப்பாளர்கள் கைக்குப் போய்விடும். கதவு திறக்கும் அறிவிப்பு வந்ததும் அரங்கமே கைதட்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். காமிகெட்டில் யாரும் 'விற்பனை' என்று சொல்வதில்லை. 'ஹான்பு' என்பார்கள், விநியோகம் என்று பொருள். 'வாடிக்கையாளர்' என்றும் யாரும் கிடையாது. வரைந்தவர், வாங்குபவர், வரிசையை ஒழுங்கு செய்யும் தொண்டர் எல்லோருமே 'பங்கேற்பாளர்'. காசைக் கையில் வாங்கிக்கொண்டு இது வியாபாரமில்லை என்று சொல்வது பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இல்லையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கணக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அச்சுக்கூலி, மேசை வாடகை, ரயில் செலவு போனால் பெரும்பாலான குழுக்களுக்குக் கையைக் கடிக்கும். கல்லா கட்டுபவர்கள் சிலர்தான்.

பதிப்பாளர்கள் ஏன் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்? ஒன்று, நாற்றங்கால் அதுதான். 'கார்ட்கேப்டர் சகுரா' வரைந்த கிளாம்ப் குழுவினர் டோஜின்ஷியில் கை பழகியவர்கள். இரண்டாவது, சட்டம். ஜப்பானில் பதிப்புரிமை மீறலுக்கு உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு என்பது நெடுங்கால நிலை. பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி, புகார் இல்லாமலே வழக்குத் தொடரலாம் என்ற திருத்தம் 2018 டிசம்பர் 30 அன்று அமலுக்கு வந்தது. அப்போதும் அசலை அப்படியே நகலெடுத்து விற்கும் திருட்டுப் பதிப்புகளைத்தான் குறிவைத்தார்கள்; டோஜின்ஷி அதில் சிக்காதபடி வரம்பு கட்டினார்கள். 'லவ் ஹீனா' வரைந்த கென் அகமாட்சு போன்ற தொழில்முறை ஓவியர்களே ரசிகர்கள் பக்கம் நின்று வாதாடினார்கள். தன் பாத்திரத்தைப் பிறர் வரைந்து விற்பதைக் காக்க, படைத்தவரே குரல் கொடுக்கிறார்!

கருணை என்றைக்கும் ஒரே மாதிரி இருக்காது. 1999இல் போகிமான் பாத்திரங்களை வைத்து ஆபாச டோஜின்ஷி வரைந்து விற்ற ஒரு பெண்ணை, நின்டெண்டோவின் புகாரின்பேரில் போலீஸ் கைதுசெய்தது. எழுதாத விதியில் இதுதான் சிக்கல். கோடு எங்கே இருக்கிறது என்பது அதைத் தாண்டிய பிறகுதான் தெரியும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ரசிக எழுத்தாளர்களின் பழைய அறம், 'காசு வாங்காதே, வாங்கினால் வக்கீல் வருவார்' என்பது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற மாபெரும் ரசிகர் கதைக் களஞ்சியத்தில் விளம்பரம் கிடையாது, கதைக்குக் கீழே பணம் கேட்கவும் கூடாது, நன்கொடையில் நடக்கிறது. 2019இல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதே வாங்கியது. 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'யும் 'ட்வைலைட்' ரசிகர் கதையாகத் தொடங்கியதுதான். பெயர்களை மாற்றியதும் அது கோடிக்கணக்கில் விற்ற நாவலாகிவிட்டது. பெயரை மாற்றாமல் இலவசமாக எழுதிக்கொண்டே இருந்தவர்களுக்குக் கிடைத்தது பாராட்டு. 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர் படம் ஒன்று மக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதும் 2015இல் வழக்கு வந்தது. மறுவருஷமே ரசிகர் படங்களுக்கு விதி போட்டார்கள்: ஒரு பகுதி 15 நிமிஷம், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ராத்திரி கண் விழித்து, முதுகு ஒடிய வரைந்தவருக்குக் கூலி கேட்க உரிமை உண்டு. 'ஆசைக்குத்தானே வரைகிறாய், காசு எதற்கு' என்று கேட்பவர் தன் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் அந்த முகத்தைப் படைத்தவரும் ஒருநாள் கண் விழித்தவர்தான். அசல் என்று ஏமாறும்படி வரைவதும், ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கடை கடையாய்ப் போடுவதும் கூலிக் கணக்கில் வராது. டோரேமான் விஷயத்தில் ஷோககுகான் செய்தது சரி என்றே நினைக்கிறேன், அந்த முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இதற்கு ஒழுங்கான வழி ஒன்றும் ஜப்பானிலேயே இருக்கிறது. தோக்கியோவுக்குப் பக்கத்தில் சிபாவில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைச் சந்தை நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே செதுக்கி, வார்த்த உருவங்களை விற்கும் இடம். அங்கே 'அன்றைய நாள் உரிமை' என்று ஒரு ஏற்பாடு. என்ன பாத்திரம், எத்தனை உருப்படி, என்ன விலை என்று பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். உரிமையாளர் மாதிரியைப் பார்த்துச் சம்மதித்தால், ராயல்டி கட்டிவிட்டு அந்த ஒரு நாள், அந்த ஓர் அரங்கில் மட்டும் விற்கலாம். மாலையில் கடை கட்டியதும் உரிமை காலாவதி. மீந்ததை மறுநாள் வெளியே விற்றால் அது திருட்டு. ரசிகருக்குப் பயமில்லை, உரிமையாளருக்கு நஷ்டமில்லை.

நம் ஊரில் ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் அச்சடித்து இன்ஸ்டாகிராமில் விற்கும் தம்பி தங்கைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தெரிந்தே செய்யும் மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறல் என்றால் மட்டும், தக்க காரணம் காட்டி நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம். இது போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, காசு வாங்கினோமா இல்லையா என்பது இங்கே வெறும் மனசாட்சி விஷயம் இல்லை.

வரைகிற பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. படத் தயாரிப்பாளர்களையும் காமிக்ஸ் பதிப்பாளர்களையும் கேட்கிறேன்: எத்தனை பிரதி வரை விற்கலாம், எதற்கு அனுமதி வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம், தமிழில், உங்கள் இணையதளத்தில் போடுங்கள்.