இளையோர் என்புக் கழலைகள்: பெயரும் இயல்பும்

கட்டி என்னும் சொல் உலக வழக்கில் பல பொருட்குப் பொதுவாய் நிற்கின்றது. சீழ்கொண்ட வீக்கமும் கட்டி, புற்றுநோயும் கட்டி, பரவாது ஓரிடத்தே நிற்கும் திரட்சியும் கட்டியே. மகன் முழங்காலிற் கட்டி என மருத்துவர் கூறக் கேட்ட பெற்றோர், புற்றென்றே நடுங்குதற்கு இச்சொன்மயக்கமும் ஒரு காரணமாம். பொருளியல்பு தெளிந்தாலன்றிப் பெயர் தெளியாது. ஆதலின், இளையோர் என்பிற் காணும் கழலைகளை மருத்துவர் அறியும் முறையை முதற்கண் ஆராய்வாம்.

அறிதற்குரிய கருவிகள் வயது, இடம், விளிம்பு என மூன்று. ஐயத்திற்குரிய சொல்லின் பொருளை அது நிற்கும் இடம் நோக்கித் துணிதல் போல, எக்ஸ்-கதிர்ப் படத்திற் காணும் நிழலின் பொருளும் பெரும்பாலும் இவற்றால் துணியப்படும்.

இவ்வகையுள் மிகுதியாகக் காணப்படுவது ஆஸ்டியோகாண்ட்ரோமா. இஃது என்பினின்று புறத்தே முளைத்து, நுனியிற் குருத்தெலும்பைத் தொப்பிபோற் கொண்டிருக்கும். தாயென்பின் புறவோடும் உள்ளீடும் இதனுள் இடையறாது தொடர்தலே இதன் சிறப்பியல்பு. உடல் வளர்ச்சி நின்றதும் இதன் வளர்ச்சியும் நிற்கும். அதன் பின்னரும் வளரின் ஆராய்தல் இன்றியமையாதது.

என்பாகா நார்க்கழலையோ வேறொரு காரணம் பற்றி எடுத்த படத்தில் தற்செயலாய்ப் புலப்படுவது. என்பின் ஒருபுறத்தே வெண்ணிற விளிம்போடு தோன்றிப் பெரும்பாலும் தானே மறையும். மேற்கை என்பில் தோளை அடுத்துக் காணும் நீர்ப்பை, சிற்றடியால் என்பு முறிந்த பின்னரே பலருக்கு வெளிப்படும்.

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவை ஹென்றி ஜாஃபே 1935-இல் தனி நோயாக வரையறுத்தார். இரவில் மிகும் நோவு ஆஸ்பிரின் போன்ற மருந்தால் தணிதல் இதன் அடையாளம். இதன் கரு 2 செ.மீ.க்கு உட்பட்டது, சூழ்ந்த தடிப்பில் மறைந்து கிடப்பின் சி.டி. படம் அதனைக் காட்டும்.

எனினும், இரவு நோவு புற்றிலும் உண்டு. ஆதலின் அஃதொன்றே கொண்டு துணிதல் ஆகாது. நாளும் வளரும் நோவு, தெளிவற்ற விளிம்பு, என்புறையிற் கதிர்போல் எழும் புதுப்படிவு, என்பைக் கடந்து தசையிற் பரவிய திரட்சி ஆகியன அச்சக் குறிகள். இவை காணின் எம்.ஆர்.ஐ. படமும் திசு ஆய்வும் வேண்டும். திசுவை எடுக்கும் வழி பின்னர்ச் செய்யும் அறுவையைத் தடுக்கலாமாதலின், அப்பணி இத்துறை வல்லாரிடமே விடற்பாலது.

இனிப் பெயரை நோக்குவாம். இக்கழலைகளைத் தீங்கற்றவை என்பர் சிலர். நரம்பை நெருக்கியும் என்பை முறித்தும் துன்புறுத்துவன இவற்றுள் உளவாதலின் அப்பெயர் மிகைபடக் கூறலாம். பரவாக் கழலை என்பதே இயல்பு சுட்டும் பெயர். பேருயிரணுக் கழலை அரிதாக நுரையீரலை அடையுமன்றோ எனின், அது சிறுபான்மை. மிகுதி பற்றிப் பெயரிடுதல் தமிழ் மரபே. புற்று என்னும் சொல்லைப் பரவுவனவற்றிற்கே உரியதாக்கி, ஏனையவற்றைப் பரவாக் கழலை என வழங்கின், ஒரு சொல்லால் எழும் வீண் அச்சம் நீங்கும். அஞ்சத் தக்கதனை அஞ்சி உரிய காலத்தே மருத்துவரை நாடுதலும் எளிதாகும் என யாம் கருதுகின்றோம்.