சுக்கானின் வாலில் ஒரு மடல்

நடுக்கடலில் 200 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று முழுச் சுக்கான் கொடுத்து எதிர்த்திசைக்குத் திரும்ப 1 கிலோமீட்டர் அகலம் எடுத்துக்கொள்ளலாம். கப்பலின் நீளத்தைப் போல் 5 மடங்கு வரை சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதியே அனுமதிக்கிறது. துறைமுக வாயிலில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சுக்கானுக்கென்று சொந்த பலம் கிடையாது. அதன்மேல் பாயும் நீர்தான் அதன் பலம். நீரின் வேகம் பாதியானால் திருப்பும் விசை கால் பங்காகிவிடும். நுழையும்போது வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்; குறைத்தால் கப்பல் சொன்னபடி கேட்காது. சரி, சுக்கானை இன்னும் அதிகமாகத் திருப்பலாமே என்றால், சாதாரணச் சுக்கான் பொதுவாக 35 டிகிரியோடு நின்றுவிடும். கோணம் எல்லை மீறினால் நீர் அதன் முதுகை ஒட்டிப் பாயாமல் பிரிந்து சுழலும். விசை சரியும்.

இதற்கு விடைதான் மடல் சுக்கான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியின் வில்லி பெக்கர் வளர்த்தெடுத்த வடிவம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. சுக்கானின் பின்விளிம்பில் கீல் போட்டு ஒரு குறுகிய மடல். அதை அசைக்கத் தனி மோட்டார் இல்லை. மடலை ஓர் இணைப்புத் தண்டு கப்பலின் உடலோடு பிணைத்திருக்கும். சுக்கான் 10 டிகிரி திரும்பினால், அந்தத் தண்டு மடலை மேலும் சுமார் 10 டிகிரி வளைத்துவிடும். தட்டையாக இருந்த சுக்கான் விமான இறக்கைபோல் வளைவு பெறுகிறது. மெதுவாகத் தரையிறங்கும் விமானம் இறக்கையின் பின்மடல்களைத் தாழ்த்துவதும் இதே காரணத்துக்காகத்தான்: குறைந்த வேகத்தில் அதிக விசை வேண்டும்.

சுக்கானை 45 டிகிரிக்குத் திருப்பினால் மடல் ஏறக்குறைய குறுக்காகவே நிற்கும். புரொப்பல்லர் தள்ளும் நீரில் பெரும்பகுதி பக்கவாட்டில் பாய, கப்பலின் பின்புறம் எதிர்ப்பக்கம் நகரும். முகப்பில் பக்கவாட்டு உந்தியும் இருந்தால், கப்பல் நண்டுபோல் பக்கவாட்டிலேயே நகர்ந்து துறைமேடையை அணையும். இழுவைப் படகின் தேவை பெருமளவு குறையும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. கீலும் தண்டும் உப்புநீருக்குள் தேய்கின்றன. ஒழுங்காகப் பழுதுபார்க்க உலர்துறைக்குத்தான் போகவேண்டும். பின்னோக்கிப் போகையில் மடலால் பெரிய பயனில்லை. முழுவேகத்தில் சுக்கானை ஒரேயடியாகத் திருப்பினால் கப்பல் அபாயகரமாகச் சாயும்.

வாரக்கணக்கில் நேர்க்கோட்டில் ஓடும் எண்ணெய்க் கப்பலுக்குச் சாதாரணச் சுக்கானே போதும். நாள்தோறும் கரையணையும் பயணிப் படகுக்கும், குறுகிய ஆற்றுவழியில் ஓடும் சரக்குக் கப்பலுக்கும் மடலுக்காகச் செலவிடும் பணம் வீண்போகாது.