எங்கள் பிழை பொறுத்தருள்வாயாக: இஸ்லாமிய இறைஞ்சுதலின் மொழி

ஈஜோக்கிலும் அதனைச் சூழ்ந்த கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் வாழ்வோர்க்குப் பள்ளிவாசலின் பாங்கொலி புதிதன்று. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்துவிட்டது. பாங்கொலி அன்றுபோலவே ஐந்து வேளையும் கேட்கிறது. ஆயினும், தொழுகைக்குப்பின் இரு கைகளையும் ஏந்தி முஸ்லிம் அன்பர்கள் எதனைக் கேட்கின்றனர், எச்சொற்களால் கேட்கின்றனர் என்பதை நம்மில் பலர் அறிய முற்பட்டதில்லை. பிழை பொறுக்குமாறும் துன்பம் நீக்குமாறும் வேண்டும் இறைஞ்சுதலை மட்டும் எடுத்துக்கொண்டு, மொழியியல் நோக்கில் இங்கு விளக்க முற்படுகிறோம்.

'துஆ' என்னும் அரபுச் சொல்லுக்கு அழைத்தல் என்பது பொருள். மன்னிப்பு வேண்டும் துஆ 'இஸ்திக்ஃபார்' எனப்படும். இதன் வேர்ச்சொல் மூடுதல், மறைத்தல் என்னும் பொருளுடையது. போர்வீரனின் தலைக்காப்பைக் குறிக்கும் 'மிக்ஃபர்' என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. எனவே மன்னிப்பு என்பது பிழையை மூடி, பிழைத்தவனைக் காத்தலாகும். தமிழில் நாம் 'பிழை பொறுத்தல்' என்கிறோம். பொறுத்தலாவது சுமத்தல். ஒரு மொழி மூடுகிறது, மற்றொன்று சுமக்கிறது. 'தவ்பா' என்னும் சொல்லோ திரும்புதலைக் குறிக்கும். மனிதன் இறைவன்பால் திரும்புவதற்கும், இறைவன் அருளோடு மனிதன்பால் திரும்புவதற்கும் அரபுமொழி ஒரே வினையை ஆள்கிறது.

மன்னிப்பும் துயர்நீக்கமும் ஏன் ஒருங்கே வேண்டப்படுகின்றன? திருக்குர்ஆனின் 71ஆம் அத்தியாயத்தில் நூஹ் நபி தம் மக்களிடம் மன்னிப்புத் தேடச் சொல்கிறார். தேடினால் மழையும் செல்வமும் மக்கட்பேறும் தோட்டங்களும் ஆறுகளும் கிட்டும் என்கிறார். துயர்நீக்கத்தைக் குறிக்கும் 'ஃபரஜ்' என்னும் சொல்லின் வேர் பிளவு, திறப்பு என்னும் பொருள் தருவது. 'நெருக்கடி' என்று துன்பத்தையும், 'வழி பிறந்தது' என்று அதன் நீக்கத்தையும் கூறும் தமிழர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். துன்பம் யாவும் செய்த பாவத்தின் தண்டனையோ? 21ஆம் அத்தியாயத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு இறைஞ்சுதல்கள் இதற்கு விடை தருகின்றன. மீன் வயிற்றின் இருளிலிருந்து யூனுஸ் நபி அழைக்கிறார்: இறைவனின் ஒருமையைச் சொல்கிறார், அவன் தூய்மையைப் போற்றுகிறார், தாம் அநீதி இழைத்தவருள் ஒருவர் என ஒப்புக்கொள்கிறார். நோயுற்ற அய்யூப் நபியோ தம்மைத் துன்பம் தீண்டியதையும் இறைவன் அருளாளருள் தலைசிறந்த அருளாளன் என்பதையும் மட்டுமே சொல்கிறார்; அவர் மொழியில் குற்ற ஒப்புதல் இல்லை. ஆகவே, துன்புறுவோரைப் பாவி என்று சுட்ட இவ்விறைஞ்சுதல்கள் இடந்தரவில்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. இரண்டிலும் 'தா', 'நீக்கு' என்னும் ஏவல்வினை ஒன்றும் இல்லை. நிலையைச் சொல்வதே வேண்டுதலாக அமைகிறது. ஆயினும் இருவர்க்கும் விடை கிடைத்ததாக அடுத்த வசனங்கள் கூறுகின்றன.

இத்தகைய பணிவைத் தமிழ் எவ்வாறு ஏற்றது? ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் கேட்போனின் தகுதிக்கேற்பத் தொல்காப்பியர் பகுத்தார்: தாழ்ந்தோன் 'ஈ' என்பான், ஒப்போன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான். தமிழ் முஸ்லிம்களின் துஆக்களில் இன்று கேட்பது 'தந்தருள்வாயாக', 'மன்னித்தருள்வாயாக' என்பதாகும். ஒப்போர்க்குரிய 'தா' என்னும் வினையோடு 'அருள்' சேர்ந்ததும், கேட்பவனின் உரிமை மறைந்து கொடுப்பவனின் கருணை முன்நிற்கிறது.

அரபில் இல்லாத ஒரு வேறுபாடு தமிழிலும் மலாயிலும் உண்டு. கேட்போரையும் உட்படுத்துவது 'நாம்'; அவரை விலக்குவது 'நாங்கள்'. மலாயில் இவை முறையே 'கித்தா', 'காமி'. இமாம் மக்களை நோக்கி 'நாம் பாவமன்னிப்புத் தேடுவோம்' என்பார். இறைவனை நோக்கியதும் 'எங்களை மன்னிப்பாயாக' என்பார். பிழை செய்தோர் கூட்டத்தில் இறைவனைச் சேர்த்தல் இயலாது அன்றோ! அதே வேளையில் 'எங்களை' என்பதனுள் அருகில் நிற்பவரும் அடங்குகிறார். தனக்கென மட்டும் கேட்பவன் 'என்னை' என்பான். பன்மையில் கேட்பவன் அண்டை வீட்டாரின் துயரையும் சேர்த்துச் சுமக்கிறான்.

இறைஞ்சுதலைத் தமிழில் பாடும் மரபும் பழமையானது. 'முனாஜாத்து' என்பது தனித்து மெல்லப் பேசுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல். அதுவே தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகையின் பெயராயிற்று. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872இல் சிங்கப்பூரில் அச்சேறியது. இவ்வட்டாரத்தில் அச்சான பழந்தமிழ் நூல்களுள் ஒன்று இறைஞ்சுதல் நூலாக இருத்தல் நாம் நினைந்து போற்றத்தக்கது. கடல் கடந்து வந்தவர்கள் பொருளோடு வேண்டுதலையும் கொண்டுவந்தனர்.

இன்று இந்நாட்டுத் தேசியப் பள்ளிகளில் இஸ்லாமியக் கல்வி மலாய்மொழியில் நடைபெறுகிறது. அதில் குறைகாண்பதற்கில்லை, இறைவனிடம் மன்னிப்பு வேண்ட 'அம்புன்' என்றும் மனிதரிடம் கேட்க 'மாஃப்' என்றும் வேறுபடுத்தும் நயம் மலாய்க்கு உண்டு. எனினும் பாட்டியர் சொன்ன தமிழ் துஆக்கள் பேரப்பிள்ளைகளைச் சென்றடையாது நின்றுவிடுமாயின், இழப்பு அவ்வீடுகளுக்கு மட்டுமன்று, தமிழுக்கும் ஆகும். நள்ளிரவில் நோயாளியின் அருகிருந்து அழைக்கும் தாய்க்குத் தாய்மொழியே முதலில் நாவில் வரும்.

ஆதலின், தமிழ் முஸ்லிம் குடும்பத்தார் தம் மூத்தோர் ஓதும் தமிழ் வேண்டுதல்களை ஒலிப்பதிவு செய்து, எழுதியும் வைத்தல் வேண்டும். ஏனையோர் அவற்றை ஒருமுறையேனும் செவிமடுத்தல் நன்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாம் சொல்லும் 'பிழை பொறுத்தருள்' என்னும் அதே சொல், அடுத்த வீட்டுக் கைகளினின்றும் எழுவதை அப்போது உணர்வோம்.