காற்றைச் சேமித்த ஆசிரியர்

டென்மார்க்கில் அஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கட் பள்ளியில் ஆசிரியராயிருந்த பௌல் லா கூர், 1891-ல் காற்றாலையைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கினார். சிறகுகளைக் காற்று தள்ள, அச்சு சுழன்று மின்னாக்கியை இயக்கும், இது எளிது. அரிது வேறொன்று: காற்று வீசாத இரவில் விளக்கெரிவது எங்ஙனம்? வீசும்போதே மின்சாரத்தை நீரிற் செலுத்தி, ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் பிரித்துச் சேமித்து, அவ்வாயுவைக் கொண்டே பள்ளிக்கு விளக்கேற்றினார். (வெடிக்கும் வாயு, துணிச்சல்தான்!) சிறகுகள் பலவாயிருப்பதினும் சிலவாய் விரைந்து சுழல்வதே நன்றென்பதும் அவர் கண்டதே.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானாலோ எட்டிலொரு பங்கே கிட்டும். 2023-ல் டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றினால் கிடைத்தது. நிலநடுக்கோட்டையடுத்த மலேசியாவிலோ காற்று பெரும்பாலும் மெலிது; ஆதலின் அங்குள்ள ஆலையை அப்படியே இங்கு நட்டால் போதாது.