சிற்றோடமும் மின்மோட்டரும்

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து, இருமுனைத் துடுப்பினால் வலித்துச் செல்லும் ஒடுங்கிய ஓடம். வடதுருவத்தை அடுத்த கடற்கரைகளில் வாழும் இனுயிற்று மக்கள் சட்டத்தின்மேற் கடல்நாய்த் தோலைப் போர்த்து இதனை அமைத்து, ஓசையின்றி வேட்டையாடினர். இன்று வட அமெரிக்க ஏரிகளில் மீன்பிடிப்போர் பலர் பிளாஸ்ரிக்காலான கயாக்கிற் செல்கின்றனர். அவருட் சிலர் அதில் மின்மோட்டரையும் பொருத்துகின்றனர். துடுப்பை விட்ட கைகள் தூண்டிலைப் பிடிக்கலாமன்றோ?

இத்தகைய மோட்டர் புதிதன்று. 1934 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில், ஓ. ஜி. சிமிட் என்பவர், போர்ட் மோட்டர் வண்டியை இயக்கித் தொடக்கும் சிறு மின்மோட்டரை எடுத்து, வளையக்கூடிய தண்டையும் நீர்ச்சுழலியையும் அதனோடு இணைத்தார். தூண்டிலை நீரில் இழுத்தவண்ணம் மெல்ல ஊர்வதே இதன் தொழில்.

கயாக்கிற்கு 30 இறாத்தல் உந்துவிசையுள்ள மோட்டர் போதும். பெரியதைப் பூட்டினால் ஓடம் அதற்கேற்ப விரையும் என எண்ணுதல் தவறு. விரைவு மிகுந்தோறும் நீரின் தடை கடுகி வளர்கின்றது. விரைவை இருமடங்காக்க ஏறத்தாழ எண்மடங்கு வலு வேண்டும். ஆகவே, விரைவைச் சிறிது குறைப்பவர் மின்னைப் பெரிதும் சேமிப்பர்.

அடுத்தது, பேச்சு வழக்கிற் பற்றரி எனப்படும் மின்கலவடுக்கு. மேற்கூறிய மோட்டர் முழு விரைவில், 12 வோல்ற்றில், ஏறத்தாழ 30 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈயமின்கலவடுக்கு, கணக்கின்படி மூன்று மணிக்கு மேல் உழைக்கவேண்டும். ஆயின், அதன் ஆயுள் கெடாதிருக்கப் பாதியை மட்டுமே செலவிடல் நன்று. எஞ்சுவது ஒன்றரை மணியே. அதன் நிறையோ சுமார் 30 கிலோகிராம். பத்து வயதுச் சிறுவன் ஒருவனை உடனேற்றியதற்கு ஒப்பாகும். இலிதியம் வகை இதிற் பாதியிலும் குறைந்த நிறையுடையது. சேமித்த மின்னிற் பெரும்பகுதியையும் தரும். ஆனால் விலை கூடியது.

மோட்டர் பெரும்பாலும் பின்முனையில் அமையும். மின்கலவடுக்கையும் அங்கேயே வைத்தால், பின்முனை தாழ்ந்து முன்முனை எழும். காற்று அதனைத் திசை திருப்பிவிடும். எனவே மின்கலவடுக்கை ஓடத்தின் நடுப்பகுதியையொட்டித் தாழ்வாக வைத்து, அசையாது வாரினாற் கட்டவேண்டும். அமர்வோர் உட்பட மொத்தச் சுமை, ஓடத்தைச் செய்தோர் விதித்த எல்லையைக் கடத்தலாகாது. மின்கலவடுக்கின் முனைக்கு அருகே உருகி ஒன்று இருத்தல் இன்றியமையாதது. ஈயமின்கலவடுக்கு மின்னேற்றப்படும்போது தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவரும். ஆதலின் அதனை வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் மின்னேற்றவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மோட்டர் பூட்டிய கயாக்கைப் பதிவு செய்தலும் வேண்டும்.

இவையாவும் செய்த பின்னரும் ஓர் ஆபத்து உண்டு. துடுப்பு வலிப்பவருக்குத் தம் களைப்பே எல்லையைக் காட்டும். மோட்டரோடு செல்பவருக்கு அவ்வெச்சரிக்கை இல்லை. காற்று பின்னிருந்து தள்ளப் போகும் வழி எளிதாகும். அதே காற்றை எதிர்த்து மீளும்போது மின் கூடுதலாகச் செலவாகும். இளவேனிலிற் பனிக்கட்டி உருகிய ஏரியில், வெயில் இதமாயினும் நீர் கொடுங்குளிராயிருக்கும். அதில் வீழ்ந்தவரின் கைகள் சில நிமிடங்களிலேயே செயலிழக்கும். ஆகையால், செலவிடக்கூடிய மின்னில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் கரைநோக்கித் திரும்புதல் நன்று. உயிர்காப்பு அங்கி உடலில் இருக்கவேண்டும். துடுப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். துடுப்பினால் மீளமுடியாத தொலைவிற்கு மோட்டரை நம்பிச் செல்லலாகாது.